வேணுஜாவின் பழைய ஹார்ட் டிஸ்க்

எருக்கலம்பிட்டி,
12.03.2019

அன்பு மகள் அஸீபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்னையும் மருமகனையும் சின்னவளையும் அந்தப் பனிக்குள்ளும் ஒரு குறையும் இல்லாமல் அல்லாஹ் வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் வாப்பாவும் உடம்பளவில் சுகம். மனதளவில் நான் சுகமில்லை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். வாப்பாவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்றே கடைக்கு வந்து, கண்ணாடி அலுமாரியில் இவ்வளவு தூசியா, இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டா வியாபாரம் செய்தாய் என்று என்னோடு சண்டை பிடித்தார். உனக்கு இடியப்ப மா வறுத்து வைத்திருக்கிறேன், யாராவது கனடா பக்கம் வந்தால் கொடுத்துவிடுவேன். சின்னவளை வெளியில் கொண்டுபோகும்போது காது இரண்டையும் மூடித் தொப்பி போடு. நேற்று அனுப்பிய படத்தில் காது வெளியே தெரிந்தது.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்லும்போதே நீ பரவாயில்லை உம்மா, அழாதீங்க என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. முழுவதையும் வாசித்துவிட்டு என்ன நினைக்கிறாயோ நினை.

நம் கடையில் எஸ்.எஸ்.டி மாற்றும் வேலை தொடங்கியதை உனக்குச் சொல்லியிருந்தேன். மீள்குடியேற்றக் காலத்தில் உதவி நிறுவனங்கள் கொடுத்துவிட்டுப் போன கொம்பியூட்டர்கள்தான் இங்கே பாதி வீடுகளிலும் சங்கங்களிலும் இன்னும் கிடக்கின்றன. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து கோப்பையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திரை வெளிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இந்தச் சின்னத் தகட்டைப் போட்டால் அதே பெட்டி குதிரை மாதிரி ஓடுகிறது. புது மெசின் வாங்க வசதியில்லாத சனம் சந்தோசப்பட்டுப் போனது. நீ அப்போதே சொன்னாய், பேர் தெரியாத மலிவுச் சாமான் எடுக்காதீங்க உம்மா, நல்ல கொம்பனியின் விலை குறைந்ததும் இருக்கிறது, கொஞ்சம்தான் வித்தியாசம் என்று. நான் சிரித்தேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது கூடாரத்துக்கு முன்னால் பலகை போட்டுப் போன் கார்ட் விற்றவளுக்கு நீ வியாபாரம் சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். கேட்டதும் இல்லாமல் கொழும்பில் இருந்ததிலேயே மலிவானதைப் பெட்டியோடு எடுத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பற்றரிக்கடைக்காரர் செய்கிற மாதிரிச் செய்ய நினைத்தேன். கரண்ட் இல்லாத காலத்தில் நானாட்டான் பக்கத்து ஆட்கள் உழவு மெசின் பற்றரியில் லைற் எரித்தவர்கள்தானே. பழைய பற்றரியைக் கொடுத்துவிட்டால் புதியதற்கு விலை குறையும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதே மாதிரிப் பழைய ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போனால் விலைக் கழிவு என்று கடை வாசலில் போர்ட் போட்டேன். ஒருவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பற்றரி உயிர் போன பிறகுதான் கடைக்கு வரும். டிஸ்க் அப்படியல்ல, வீட்டில் உள்ளதெல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு வரும். இந்த வித்தியாசம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. கழற்றியவற்றில் நல்லவற்றைப் பஸ்லான் தூசி துடைத்து வைப்பான், கண்காணிப்புக் கமராவின் பதிவுப் பெட்டிகளுக்குப் போடக் கொடுப்போம். என் அண்ணன் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, வேலையில் அவன் சுத்தம். பிழை அவனுடையது இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

போன நவம்பரில் உன் கூட்டாளி வேணுஜா வந்தாள். நீ சொல்லித்தான் வந்தாள். யாழ்ப்பாணத்தில் உன்னோடு ஒரே அறையில் இருந்து படித்தவள் என்பதால் நானும் முன்னால் நின்று செய்வித்தேன். பிரதேச செயலகக் கந்தோரில் வேலை செய்துகொண்டே மேற்படிப்புக்கு ஆய்வு செய்கிறாள், திரும்பி வந்து குடியேறிய ஊர்களில் பெண்கள் முதல் போகம் எப்படி விதைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாகப் போய் அவர்கள் சொன்னதை ரெக்கோர்ட் செய்து வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இரண்டு வருடக் குரல்கள். பஸ்லான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் புதியதற்கு மாற்றிக் கொடுத்தான். பழையதை என்ன செய்வம் அன்ரி என்று கேட்டாள். விட்டிட்டுப் போ மகள், கழிவு இருக்கு என்று நான்தான் சொன்னேன். அஸீபாட உம்மாட கடையில கிடந்தா என்ன, எங்கட வீட்டில கிடந்தா என்ன என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் போன் எடுத்தாள். அன்ரி, புதுசு திடீரெண்டு செத்துப்போச்சு, திரை கறுப்பாக் கிடக்கு, எழுதினதெல்லாம் ஈமெயிலில கிடக்கு, ஆனா குரல் ஒண்டும் வேற இடத்தில இல்ல, பழசு உங்களிட்டத்தானே கிடக்கு என்று ஒரே மூச்சில் கேட்டாள். நான் வீட்டில் மீன் கழுவிக்கொண்டு நின்றேன். ஓம் மகள், பத்திரமாக் கிடக்கு, பயப்பிடாத என்று சொல்லிவிட்டேன். பார்க்காமல் சொன்னேன். கடைக்குப் போய்ப் பஸ்லானிடம் கேட்டால், மாமி, அது நேத்துத்தானே றசாக் ஹாஜியாருக்குக் குடுத்தது, நீங்கதானே எடுத்துத் தந்தீங்க என்றான்.

அப்துல் றசாக் ஹாஜியாரின் ஐஸ் பக்ரறிக்குக் கமராப் போட்ட வேலை. புது டிஸ்க் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை, அவரோ அன்றைக்கே வேண்டும் என்று நின்றார். தட்டில் இருந்த பழையவற்றில் நல்லதாக ஒன்றை, யாருடையது என்றும் பார்க்காமல், எடுத்துத் துடைத்து, புதுசு என்று சொல்லிக் கொடுத்தேன். பஸ்லான் என் முகத்தைப் பார்த்தான். நான் றோட்டைப் பார்த்தேன். நாம் திரும்பி வந்தபோது கடை போட இடம் தந்தவர் அவர். பள்ளிவாசல் கமரா வேலையும் அவர் கையால்தான் வரவேண்டும். அவருக்குப் போய் அப்படிச் செய்தேன்.

வேணுஜா போன் எடுத்த அன்றைக்கே பஸ்லான் விளங்கப்படுத்தினான். பெட்டிக்குள் போடும்போது மேலால்தான் அழியும், அடியில் இருக்கிறது இன்னும் இருக்கும், ஆனால் கமரா எழுத எழுத அதுவும் போய்விடும் என்றான். மாமி, அந்தப் பிள்ளைட குரல்களுக்கு மேல ஐஸ் கட்டியா அடுக்கிக்கொண்டு கிடக்கு, இப்பவே போய்க் கழட்டுவம் என்று மோட்டச்சைக்கிள் திறப்பையும் எடுத்துவிட்டான். நான் விடவில்லை. கழற்றுவதென்றால் ஏன் என்று ஹாஜியார் கேட்பார். பழசைப் புதுசென்று விற்றேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். பொறு பார்ப்போம், செத்துப்போன எஸ்.எஸ்.டியைக் கொழும்புக்கு அனுப்பி உயிர்ப்பிக்கலாம் என்றேன். அவளிடமிருந்து அதைப் பஸ்ஸில் எடுப்பித்து அனுப்பினேன். அவர்கள் வேறொன்று மாற்றித் தருவோம், உள்ளே இருந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒரு கிழமைக்கு மேல் போய்விட்டது. வேணுஜா எடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு பொய். பஸ்லான் வவுனியா போயிட்டான், அலுமாரித் திறப்பு அவனிட்டக் கிடக்கு, நாளைக்கு. பிறகு மறுபடி நாளைக்கு. அவள் ஒரு தரமாவது குரலை உயர்த்தியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். சரி அன்ரி, ஆறுதலாப் பாருங்கோ என்றுதான் சொன்னாள்.

கடைசியில் அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் அவள் வீட்டார் வெட்டிய புது நெல்லில் குத்திய அரிசி ஒரு பை, டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டுபோக ஒரு துவாய். என் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, கந்தோரில எல்லாரும் வெருட்டினவை அன்ரி, பழசை ஏன் குடுத்தனீ எண்டு, நான் சொன்னன் அஸீபாட உம்மா குண்டூசியும் எறியமாட்டா எண்டு, என்றாள். பிறகு சிவலட்சுமி என்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். திரும்பி வந்த வருடம் வீட்டில் கூரை இல்லாமல் கச்சான் கடலை போட்டவவாம், குரங்கோடு சண்டை பிடித்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவாம். போன டிசம்பரில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டா. அவவின் மகள் அபிசா, அம்மா கதைச்சதை ஒருக்காத் தாங்கோ அக்கா, அம்மாட சத்தம் எங்களிட்ட வேற ஒண்டிலயும் இல்ல என்று கேட்டிருக்கிறாள். வேலை நெருக்கடியில் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்குக் கொடுக்க முடியவில்லை, ஆட்டைத் திவசத்துக்கு முன்னாலாவது கொடுத்துவிட வேண்டும் என்று வேணுஜா சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் அவளுக்கு பிஸ்கற் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதும் நான் சொல்லவில்லை மகள். பஸ்லான் வரட்டும் என்றேன். பஸ்லான் பின்னறையில்தான் இருந்தான்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நேரே ஐஸ் பக்ரறிக்குப் போனேன். ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் சிரித்தார். மரியம் ராத்தா, போட்ட அண்டைக்கே எனக்குத் தெரியும், புது டிஸ்க் இப்பிடிக் கிழவன் மாதிரி இருமுமா, நானும் கரையிற ஐஸைத் தராசில நிறுத்து விக்கிற வியாபாரிதானே, பாவம் ராத்தாக்கு என்ன அவசரமோ எண்டு பேசாம விட்டன் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, முதல் நாளே வந்து கேட்டிருந்தா அப்பவே கழட்டித் தந்திருப்பனே என்றார். எந்த முகத்தைக் காப்பாற்ற நான் அத்தனை நாள் காத்திருந்தேனோ அந்த முகம் அவருக்கு முன்னால் ஏற்கெனவே இருக்கவில்லை. திரும்பி நடந்து வரும்போது றோட்டில் யார் சலாம் சொன்னார்கள், யாருக்கு நான் பதில் சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை.

பஸ்லான் அன்றைக்கே டிஸ்க்கைக் கழற்றி வந்து இரண்டு நாளாகச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் இருந்து தோண்டினான். சில குரல்கள் முழுதாக வந்தன. சில பாதியில் அறுந்து போகின்றன. மீதி எல்லாம் ஐஸ் பக்ரறி வாசலில் லொறி வருவதும் போவதும். சிவலட்சுமியின் குரல் ஒரு சொல்லும் வரவில்லை.

நேற்று முன்தினம் பாலம் தாண்டி நானாட்டானில் வேணுஜாவின் வீட்டுக்குப் போனேன். வாப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வந்ததை ஒரு பென் டிரைவிலும், அந்தப் பழைய டிஸ்க்கை அவள் விட்டுப்போன துவாயில் சுற்றியும் கொண்டுபோய் வேணுஜாவின் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். நான் முதல் போன் எடுத்த அண்டைக்கே கழட்டியிருந்தா எல்லாம் இருந்திருக்குமோ அன்ரி? ஓம் மகள், முக்கால்வாசிக்கு மேல இருந்திருக்கும் எண்டு பஸ்லான் சொல்றான் என்றேன். அவள் எழும்பி உள்ளே போனாள். அவளின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, குடியுங்கோ, வெயிலுக்க வந்தனீங்கள் என்றா. நான் குடித்து முடித்தும் அவள் வரவில்லை. படலையைத் திறக்கும்போதுதான் வாசலில் வந்து நின்று சொன்னாள், மற்ற ஊருக்கெல்லாம் நான் திரும்பப் போய்க் கேப்பன், கால் இருக்கு, ஆனா அபிசாட்ட என்னால சொல்லேலாது, நீங்களே போய்ச் சொல்லுங்கோ. அன்ரி என்று கூப்பிடவில்லை.

கழிவு போர்ட்டைக் கழற்றிவிட்டேன். தட்டில் மீதியாக இருந்த டிஸ்க்குகளை யார் யாருடையது என்று பஸ்லான் கண்டுபிடித்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அந்தப் பெட்டியில் எடுத்த எஸ்.எஸ்.டி போட்டவர்களை எல்லாம் மெசினைக் கொண்டு வாங்கோ, நல்லதாக மாற்றித் தருகிறேன் என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹாஜியாருக்குப் புது டிஸ்க் போட்டாயிற்று. கடை நட்டப்படும், படட்டும். அதைத் திரும்பக் கட்ட எனக்குத் தெரியும். வேணுஜா திரும்ப அலைவதற்குப் பஸ்லானை வானோடு அனுப்புகிறேன் என்று சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை. வராததும் சரிதான்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உம்மாவுக்காக வேணுஜாவிடம் பேசாதே. உன் பேரை நம்பித்தான் அவள் என் கடைக்கு வந்தாள், அந்தப் பேரை வைத்து இன்னொரு தரம் நான் தப்பக் கூடாது. அவள் உன்னோடு கோபித்தால் பொறுத்துக்கொள், உன் பிழை இல்லை என்று வாதாடாதே. அவள் அழுதால் கேள். நாளைக்குச் சுபஹ் தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் அபிசாவின் ஊருக்குப் போகிறேன். என் வயதுக்கு எத்தனையோ கந்தோரில், எத்தனையோ சோதனைச் சாவடியில் பேசியிருக்கிறேன், என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது தாய் இல்லாத அந்தப் பிள்ளைக்கு முன்னால் முதல் வார்த்தை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு போகிறேன். ஏதாவது கொண்டுபோனால் அது விலை பேசுவது மாதிரி இருக்கும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் போய் வந்திருப்பேன், அவள் என்ன சொன்னாளோ அதோடு இருந்துகொண்டிருப்பேன்.

சின்னவளின் படங்களை ஒரே இடத்தில் வைத்திருக்காதே, இன்றைக்கே இன்னோர் இடத்திலும் போட்டு வை. அல்லாஹ் உங்கள் மூவரையும் தன் பாதுகாப்பில் வைப்பானாக, உங்கள் வீட்டில் பறக்கத்தைத் தருவானாக. உம்மாவுக்கு துஆச் செய்ய மறக்காதே, அபிசாவுக்கும் செய்.

இப்படிக்கு,
உன் உம்மா
சித்தி மரியம்