வெட்டாமல் பிடித்த தையல்

இன்று மதியம் உன் கம்பெனி கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது ஆறாவது மாதம். என் கோட்டில் பொத்தான் மாட்ட முடியவில்லை. பெரிய அளவு வர மூன்று வாரமாகும் என்று ஸ்டோரில் கையை விரித்துவிட்டார்கள். கோட்டு இல்லாமல் லைனில் நிற்க விடமாட்டார்கள். அப்போதுதான், பாரூரில் உன் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் அம்மா என் கையில் திணித்த இந்த நீலக் கோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

என் கோட்டையே பிரிக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். பிரிக்க அதில் என்ன இருக்கிறது? சிவகங்கையிலிருந்து ஓசூருக்கு வந்த முதல் வாரமே அதைப் பாழாக்கியவள் நான். தொளதொளவென்று இருந்தது. மெஷினில் சிக்கிக்கொள்ளும், நாளைக்குச் சரிபண்ணிக்கொண்டு வா என்றார் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து நீ அறைக்கு வருவதற்குள் இரண்டு பக்கமும் கத்தரித்துத் தள்ளிவிட்டேன். கீழே கிடந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தாய்.

"ஏன்டி, எப்பவும் இதே உடம்பாவா இருக்கப்போற? துணிய வெட்டக் கூடாது, உள்ள பிடிச்சுத் தைக்கணும். வெட்டுனது திரும்ப ஒட்டுமா?"

அறை வேலையிலும் அதே கதைதான். நாம் நான்கு பேர். ஆளுக்கொரு நாள் சமையல், ஆளுக்கொரு நாள் தண்ணீர் என்று நியாயவாதி மாதிரி எழுதிக் கதவில் ஒட்டினேன். நைட் ஷிப்ட் முடிந்து தள்ளாடி வந்தவள் முறைப்படி உலை வைக்க, காலை ஷிப்டுக்குப் போகவேண்டிய நாம் இருவரும் பஸ்ஸைக் கோட்டைவிட்டோம். நீ அந்தத் தாளைக் கிழித்துவிட்டாய்.

"சமமாப் பிரிச்சா ஆச்சா? இதுவும் கோட்டு மாதிரிதான். ஆளுக்கு ஆளு அளவெடுக்கணும்."

நைட் முடிந்து வருகிறவள் படுத்துத் தூங்கட்டும்; மதியம் போகிறவள் உலை வைக்கட்டும்; அது கொதிக்கிற நேரத்தில் இன்னொருத்தி வெங்காயம் உரிக்கட்டும் என்றாய். அதன்பிறகு நமக்கு பஸ் தவறவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது என்று உட்கார்ந்து செய்கிற வேலையாகவே நீ எடுத்துக்கொண்டாய். குடம் என் இடுப்புக்கு வந்தது. எனக்கு எரிச்சல்.

"ஒனக்கு மட்டும் நோகாத வேலையா அளவெடுத்துக்கிட்டியாக்கும்" என்றேன்.

நீ பூண்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த வாரம் இந்த அளவுதான்டி வருது."

அந்த வாரம்தான் உன் கோட்டை என்னிடம் நீட்டி, பக்கத்தில் கொஞ்சம் பிடிக்கச் சொன்னாய். அப்போதும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி பிடித்தேன். மூன்றாவது முறை, நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தபோது, உள்ளே துணி கனமாகச் சேர்ந்துவிட்டது. "வெட்டிரவா?" என்று கேட்டேன்.

"வேணாம்டி. தேறி வந்தா எதைப் போடறது?"

நீ தேறி வரவில்லை. நோகாத வேலை என்று அன்று சொன்ன சொல்லுக்கு நான் மன்னிப்பும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கினேன், அவ்வளவுதான். இன்னும் அது உறுத்துகிறது.

மூன்று வரிசைத் தையலையும் இன்று பிரித்துவிட்டேன். வெளியே சாயம் வெளுத்திருந்தாலும் உள்ளே மடிந்திருந்த துணி புது நீலமாக இருந்தது. போட்டுப் பார்த்தேன். பொத்தான் எல்லாம் மாட்ட முடிந்தது. பிள்ளை பிறந்தபிறகு திரும்பப் பிடித்துத் தைப்பேன், கத்தரியைத் தொடமாட்டேன்.

இப்போது குடம் என் வீட்டுக்காரர் கையில். நான் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் எழுந்திருக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு உன் பதில் இருக்கிறது. இந்த வாரம் இந்த அளவுதான் வருகிறது.