அந்த வண்டியில் நீ ஏறியிருக்கலாம்

மாப்பிள்ளை,

இன்று காலை அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். கொழுக்கட்டைக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருந்தார்கள். அந்தக் குழி அப்படியே இருந்தது. தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

சிங்கம்புணரியில் நீ உன் முழங்காலுக்குக் கீழே இப்படித்தான் அழுத்திக் காட்டினாய். விரலை எடுத்தும் பள்ளம் எழும்பவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி போகும் நடை, காரைக்குடியை விட்டுக் கிளம்பி இரண்டாம் நாள்தான். "காலு கனக்குதுடா. ரெண்டு எட்டு வச்சா மூச்சு முட்டுது. மூட்டை வண்டியில ஏறிக்கிறேன்" என்றாய்.

கூட்டமே கேட்கும்படி சிரித்தேன். "ரங்கூன்ல உக்காந்தே தின்ன ஒடம்புல்ல! தலை நரைச்சவுகளே நடந்து வாராக. நீ மூட்டையோட மூட்டையா வரப்போறியாக்கும்?"

நீயும் சிரித்தாய். பிறகு என்னைத் தனியே அழைத்துப்போய், சர்க்கரை வியாதி உன் நெஞ்சைத் தொட்டுவிட்டதாக ரங்கூன் டாக்டர் சொன்னதைச் சொன்னாய். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றாய்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லடா."

"வலியே இல்லாம அது என்ன நெஞ்சு நோவு? நட."

எனக்கு என்ன வைத்தியம் தெரியும்? நெஞ்சில் கோளாறு என்றால் மார்பைப் பிடித்துக்கொண்டு துடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாய் மட்டும் நீளம்.

நத்தத்துக்கு இரண்டு கல் தூரம் இருக்கும்போது புளியமரத்தடியில் உட்கார்ந்தாய். "முன்னால போங்கடா, வந்துர்றேன்" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ அங்கிருந்து எழவே இல்லை.

பிற்பாடு மதுரையில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். சர்க்கரை முற்றினால் நெஞ்சின் தசையே தளர்ந்துபோகுமாம். ரத்தத்தைத் தள்ள அதற்கு வலு இருக்காதாம். கால் வீங்கும், மூச்சு வாங்கும், வலி வராமலும் இருக்கும் என்றார். "காலப் பார்த்தே தெரிஞ்சிருக்குமே, கூட இருந்தவுக கவனிக்கலையா?" என்று கேட்டார். கூட இருந்தவன் வேறு யாரோ என்பதுபோலத் தலையாட்டினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது.

முருகன் தன் பாதையிலேயே உன்னை அழைத்துக்கொண்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். போன வாரம் உன் மனைவியைப் பார்த்தேன். "அண்ணே, நீங்க மட்டும் கூட இல்லேன்னா அவுக வண்டியில ஏறியிருப்பாக. நடந்தே முருகன்கிட்ட போய்ச் சேந்த புண்ணியம் உங்களாலதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் மாப்பிள்ளை.