சுழி பார்த்து வாங்கிய லேப்டாப்

இன்று காலை லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே இருக்கும் ஃபேன் சீறிக்கொண்டு கிளம்பியது. பக்கவாட்டில் வந்த சூடான காற்றில், நீ பெட்டியைப் பிரித்த அன்று அறையெல்லாம் நிறைந்த புது பிளாஸ்டிக் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. திரையில் நம் பண்ணை. வரப்போரம் என் டிராக்டர். அதன் கீழே ஒரு வரி: "கூட்டாளிக்காகக் காத்திருக்கிறது." அதற்கு யாரும் சேதி சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை என்பதால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு.

ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் கேமிங் லேப்டாப் வாங்குவதில் உனக்கு வெட்கமே இருந்ததில்லை. துபாயில் பாதி ஆயுள் கடை பார்த்துவிட்டுப் பட்டுக்கோட்டைக்குத் திரும்பியவன் நீ. ஒரு குழி நிலம் சொந்தமாகக் கிடையாது. எனக்கு நிலம் இருந்தது. வாய்க்காலின் கடைமடை என்பதால் தண்ணீர்தான் இல்லை. இருவர் கூட்டாக விவசாயம் செய்யும் அந்த விளையாட்டில் இரண்டும் இருந்தன.

"மாப்ள, அதுல ஆத்துல எப்பவும் தண்ணி ஓடுது. யாரும் மறியல் பண்ண வேணாம்" என்றாய். "நீ முதல்ல ஒண்ணு வாங்கு. ஓட்டிப் பாத்துட்டு நான் அதே மாதிரி ஒண்ணு வாங்குறேன்."

ஜோடி மாடு சேர்ப்பதும் அப்படித்தான். ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டுத்தான் அதற்கு இணை தேடுவார்கள். அதனால் நான் சந்தேகப்படவில்லை.

பிறகு தஞ்சாவூர்ப் பயணங்கள். என்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, "நீ விசாரிச்சிட்டு இரு, ஒரு சொந்தக்காரரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போய்விடுவாய். நான் கிராபிக்ஸ் கார்டு, ரேம், திரையின் வேகம் என்று கற்றுக்கொண்டேன். சைவ சித்தாந்தத்தைக்கூட அவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை. விற்பனைப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றையும் கவிழ்த்துக் காற்றுத் துளைகளைத் தடவிப் பார்த்தேன். நீ திரும்புவதற்குள் ஒன்றைத் தேர்ந்து வைத்திருப்பேன்.

நீ மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து அதை ஒரு பார்வை பார்ப்பாய். "கீபோர்டு லைட்டப் பாரு, தர்கா கந்தூரிக்கு சீரியல் செட் போட்ட மாதிரி. வேணாம்." அடுத்த முறை, "என்னடா ஃபேன் இது, அறுவடை மெஷின் வயல்ல இறங்குன மாதிரி கத்துது." குறை எதுவும் அகப்படாத நாளில் என் வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொண்டாய்: "சுழி சரியில்ல மாப்ள."

மாட்டின் உடம்பில் மயிர் சுழிந்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் மாடு வாங்குவார்கள். வாங்க வந்தவர் சுழி சரியில்லை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. எந்தச் சுழி, எங்கே என்று துருவுவது மரியாதையில்லை. மாட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

ஆகவே நானும் துருவவில்லை. உன் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பற்றி மட்டும் ஒருநாள் கேட்டேன். "ரத்த தானம்டா" என்றாய். பேருந்து ஒரத்தநாட்டைத் தாண்டும்வரை உன் தாராள மனத்தைப் பாராட்டிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் பயணத்தில் நீ சீக்கிரமே வந்துவிட்டாய். அன்று மேசைமேல் இருந்தது அந்தக் கடையிலேயே கனமானது, சத்தமும் அதிகம்.

"இதுவே நல்லாருக்கு. வாங்கிடு."

"ஃபேன் கத்துதேடா?"

"பழகிடும்."

"சுழி?"

"எல்லாம் சுத்தம். பில் போடச் சொல்லு."

உன்னுடையது எப்போது என்று கேட்டபோதெல்லாம் "புது மாடல் வரட்டும்" என்றாய். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் லேப்டாப்பிலேயே உழுதாய். கதிர் முற்றுவதற்குள் போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது பள்ளிவாசல் வாசலில் உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்ணே. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனீங்க. நாங்க வர்றோம்னா, அவன் கூட இருக்கான், நீங்க வேணாம்னு எங்கண்ணன் சொல்லிடுவாங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

அவன் கையை விட்டுவிட்டான். "தஞ்சாவூர்லண்ணே. லேப்டாப் வாங்கிட்டு வந்தீங்களே, அன்னிக்குத்தானே டாக்டர் இனிமே வர வேணாம், செய்யறதுக்கு ஒண்ணுமில்லேன்னுட்டார்."

கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் மட்டுமல்ல, சேதியும் கடைசியில்தான் வரும். உன் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அன்று ஒவ்வொருவராக வந்து எனக்கு நன்றி சொன்னார்கள். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். உனக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு லேப்டாப்பிலும் நீ கண்டுபிடித்த குறை, அடுத்த ஊசிக்கு நீ வாங்கிய தவணை.

நோயாளியாக இல்லாமல் உட்கார உனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்திருக்கும், அது அந்தக் கடையில் என் பக்கத்தில் இருந்தது. இப்படி ஒரு விளக்கத்தை நானே தயார்செய்து வைத்திருக்கிறேன். நியாயமான விளக்கம்தான். ஆனால் நியாயமான விளக்கத்தால் எனக்கு இதுவரை எந்த ஆத்திரமும் தணிந்ததில்லை. துணைக்கு வந்தவன் என்று ஊருக்குச் சொன்னாய். துணைக்கு வர எனக்கு ஒரு வாய்ப்பு மட்டும் தரவில்லை. துரோகம் என்பதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் அதை எழுதியிருப்பேன்.

போன வாரம் தஞ்சாவூர் போனேன். கால்கள் அந்தக் கடைக்கே கொண்டுபோய் விட்டன. அந்தப் பெண் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க சார். கூட வர்ற சார் எங்க?"

"ஒரு சொந்தக்காரரைப் பாக்கப் போயிருக்காரும்மா."

"அவருக்கும் இதேதான் வேணும்னு சொன்னீங்கல்ல? கடைசியா ஒண்ணு இருக்கு சார். எடுத்து வைக்கவா?"

பெட்டியைப் பிரித்து என் முன்னே வைத்தாள். அதே கனம், அதே நிறம். சுவிட்சைப் போட்டதும் அதே சீறல். என்னுடையதற்கு அச்சான இணை. கவிழ்த்துக் காற்றுத் துளைகளைத் தடவிப் பார்த்தேன். எதிலும் குறையில்லை.

"சுழி சரியில்லம்மா" என்றேன். "அடுத்த வாரம் வர்றோம்."

நல்ல பெண். மேலே எதுவும் கேட்கவில்லை.