கடைசித் தெரு கர்நாடகத்தில் இல்லை

10 மே 2021

முழு ஊரடங்கு முதல் நாள். எங்களுக்கு மட்டும் ஊரடங்கும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடி வரை நானும் பவளம் அக்காவும் நடந்தே போனோம். போய்ச் சேர்வதற்குள்ளேயே கால் விட்டுப்போனது. அதற்குப் பிறகு தெருவைப் பெருக்க ஆரம்பிக்க வேண்டும்.

இன்றிலிருந்து விரல் வைக்கும் மிஷின் இல்லையாம். ஒருவர் விரல் வைத்த இடத்தில் இன்னொருவர் வைத்தால் கொரோனா ஒட்டிக்கொள்ளுமாம். ஊரார் கழற்றி வீசிய மாஸ்க்கை வெறுங்கையால் பொறுக்கலாம், அதில் ஒட்டாது. என்ன அறிவு!

இனிமேல் அட்டெண்டன்ஸ் போனில். காலை ஆறு மணிக்கு அவரவர் பெருக்கும் தெருவில் நின்று முகத்தைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஊர்ப் பெயர் படத்துக்குக் கீழே தானாக விழும். முகம் வட்டத்துக்குள் முழுதாக இருக்க வேண்டும், பின்னால் ஒன்றும் தெரியாது. அக்காவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்று மேஸ்திரி திருமலையிடம் சொன்னேன். “உன் போன்லயே எடுத்து ஏத்து. பன்னெண்டாவது படிச்சவதான நீ” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். மடச்சி.

12 மே

என் தெரு ஹைவேயை ஒட்டி முதலில். அக்காவின் தெரு கடைசி, அதைத் தாண்டினால் கர்நாடகம். நான் என் படத்தை என் தெருவில் எடுத்துவிட்டு, கடைசித் தெருவுக்கு ஓடி அவள் படத்தை எடுக்கிறேன். தினமும் ஆறு பத்து ஆகிவிடுகிறது. அதற்குள் அக்கா பாதித் தெருவைப் பெருக்கி முடித்திருப்பாள்.

13 மே

கையுறை கேட்டோம். வரும் என்றார்கள்.

15 மே

கடைசித் தெருவில் நான்கு வீட்டில் கொரோனா. தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அரிசி, பால், மாத்திரை எல்லாம் வீட்டு வாசலுக்கே போகிறது. மாநகராட்சி ஆபீஸில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வீடுகளின் குப்பையை மஞ்சள் பையில் கட்டி வெளியே எடுத்து வருவது யார்? அக்கா. தகரத்துக்குக் கீழே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளை குனிந்து நுழைந்து, பையோடு குனிந்து வெளியே வருகிறாள்.

இன்றிலிருந்து அவள் படத்தைக் கர்நாடகப் பக்கத் தகரத்துக்கு முன்னால்தான் எடுக்கிறேன். அங்கே நிற்கும்போது என் போனுக்கு மெசேஜ் வந்தது, கர்நாடகாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று. அக்காவின் படத்துக்குக் கீழே பார்த்தால் அத்திபெலே, கர்நாடகா என்று விழுந்திருக்கிறது. “அக்கா, நீ வேற ஸ்டேட்டுக்குப் போயிட்ட” என்றேன். சிரித்தாள். “பாஸ் இல்லாமயா?” என்றாள். இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

18 மே

கையுறை வந்தது. ஒன்பது பேருக்கு நான்கு ஜோடி.

20 மே

அக்காவுக்குக் காய்ச்சல். நேற்றே இருந்திருக்கிறது, சொல்லவில்லை. லீவு போட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

21 மே

பாசிட்டிவ். காலேஜ் ஒன்றை கேர் சென்டராக மாற்றியிருக்கிறார்களே, அங்கே கொண்டுபோய்விட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது “என் தெருவ யாரு பாப்பாங்க?” என்று கேட்டாள். தெருவாம்.

எனக்கும் என் வீட்டுக்காரர் மாதேஷுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். எங்களுக்கு இல்லை.

23 மே

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் யாரையாவது அடித்துவிடுவேன்.

காலையில் மைக் ஆட்டோ வந்தது. மாஸ்க் போடு, கை கழுவு என்று தினமும் சொல்லிக்கொண்டு போகும் அதே ஆட்டோ. மைக்கில் திருமலையின் குரல். “கடைசித் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் தினமும் காலையில் அத்திபெலே சென்று வந்ததால் தொற்று ஏற்பட்டுள்ளது. பொதுமக்கள் எல்லை தாண்ட வேண்டாம்.” துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஆட்டோவின் குறுக்கே போய் நின்றேன்.

திருமலை போனை நீட்டிக் காட்டினார். ஆறு நாள், ஆறு படம், எல்லாவற்றிலும் அத்திபெலே. “காலையில ஆறு மணிக்கு அங்க என்னா வேலை? சாராயக் கடை ஆறு மணிக்குத் தொறக்கறான். நம்மூர்ல கடை மூடிக் கெடக்குது. கணக்கு சரியா வருது இல்ல?”

“படம் எடுத்தது நானுங்க! எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் அது! தெருவுலதான் நின்னுச்சு அந்தம்மா!”

“நீ சொல்றத நம்பறதா, சிஸ்டம் சொல்றத நம்பறதா?”

பவளம் அக்கா சாராயம்! வாய்க்குள் வெற்றிலை தவிர ஒன்று போட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கடை ஆறு மணிக்குத் திறக்கும் என்று இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? இதைக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றுகிறது. எப்போதும் இப்படித்தான்.

24 மே

இன்றும் சொன்னான். இனி அவனுக்கு ர் கிடையாது.

25 மே

மூன்றாவது நாள். இன்று எங்கள் மூக்கண்டப்பள்ளியிலும் வந்து சொல்லிவிட்டுப் போனான். பெயர் சொல்லவில்லையாம், அதனால் தப்பில்லையாம். எங்கள் ஊரில் கடைசித் தெருவைப் பெருக்குகிறவள் வேறு யார் இருக்கிறாள்?

26 மே

அக்காவின் வீட்டு ஓனர் சின்னராஜ் அவள் ரூமுக்கு வேறு பூட்டு போட்டுவிட்டார். துணி, பாத்திரம் எல்லாம் மூட்டையாக வாசலில் கிடக்கிறது. கேட்கப் போனேன்.

“நோவு வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஊர் சுத்திட்டு நோவ வாங்கிகினு வந்தா பன்னெண்டு குடும்பம் இருக்கிற எடத்துல எப்படி வெச்சிக்கறது?”

“அவங்க எங்கயும் போகலங்க.”

“ஆபீஸே மைக்ல சொல்லுது. ஆபீஸே வந்து இல்லன்னு சொல்லட்டும், சாவி தரேன்.”

மூட்டையைத் தூக்கி வந்துவிட்டேன். அக்காவுக்கு இருப்பது அந்த ஒரு ரூம்தான். புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளை கிடையாது. இந்த ஊரடங்கில் பாசிட்டிவ் ஆனவளுக்கு வேறு யார் ரூம் கொடுப்பார்கள்?

பதினைந்தாம் தேதி அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். அன்றைக்கே ஆபீஸில் சொல்லியிருந்தால்? திருமலை மேல் பாதிக் கோபம், மீதி என் மேல்தான்.

28 மே

தகரத்துக்கு அந்தப் பக்கம் சரோஜம்மாள் என்று ஒரு அம்மா. அவர் வீட்டுக் குப்பையைத்தான் அக்கா முதலில் எடுப்பாள். “பாவம், தெனமும் ஆறு மணிக்கு எங்க வாசல்ல தொடப்பச் சத்தம் கேக்கும். அதக் கேட்டுத்தான் எழுந்திருப்பேன்” என்றார். உயிர் வந்தது எனக்கு. சுகாதார ஆய்வாளரை, நாங்கள் இன்ஸ்பெக்டர் சார் என்போம், கெஞ்சிக் கூப்பிட்டு வந்தேன். அவர் கேட்டதும் அதே வாய், “நான் கவனிக்கலீங்க சார், கதவு சாத்தியே இருக்கும்” என்றது.

அரிசி மூட்டை நின்றுவிடும் என்று பயமா? இருக்கும். பயம் எல்லாருக்கும்தான் இருக்கிறது.

2 ஜூன்

அக்கா டிஸ்சார்ஜ். நேராக என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாதேஷ் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டார்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சாராயம் என்றதும் முகம் மாறிவிட்டது. அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் அதுதான் வரும். “சிக்கு லேது வாடிக்கி” என்றாள். வெட்கம் இல்லை அவனுக்கு. அப்புறம் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு துணியாக உதறி மடித்து, மறுபடியும் மூட்டையாகவே கட்டி மூலையில் வைத்தாள்.

4 ஜூன்

அக்காவைத் தவிர எட்டுப் பேரும் பேசிவிட்டோம். அக்கா மேல் போட்ட பழியை ஆபீஸ் எடுக்கும் வரை, நாளையிலிருந்து துடைப்பத்தைத் தொடப்போவதில்லை. முதலில் சொன்னது நான்தான். ஆனால் எனக்கு முன்னால் கை தூக்கியது ரங்கம்மா. அவளுக்கும் அக்காவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சே கிடையாது!

6 ஜூன்

திருமலை வீடு வரை வந்து மிரட்டினான். “வேற ஆளு போட்டுருவேன்.” “ஊரடங்குல எங்கேருந்து கொண்டாருவ? அத்திபெலேலருந்தா?” என்றேன். போய்விட்டான்.

8 ஜூன்

நான்கு நாள் குப்பை. நாற்றம் ஹைவே வரைக்கும். இன்று காலை ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் சாரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார், கூடவே திருமலை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வேலைக்கு வா என்றார்.

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். கடைசித் தெருவுக்கு வாங்க.”

வந்தார். கர்நாடகப் பக்கத்தில் இன்னும் எடுக்காத தகரத்துக்கு முன்னால் நிற்க வைத்தேன். அவர் தன் போனில் தன்னையே படம் எடுத்துப் பார்த்தார். ஜூஜுவாடி என்று சரியாகக் காட்டியது. திருமலை வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான், அக்கா கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“உங்களுது வேற போன், வேற கம்பெனி சிம் சார். அக்காவ எடுத்தது இந்த போன்” என்று சொல்லி என்னுடையதை நீட்டினேன். மூஞ்சியை வட்டத்துக்குள் வைத்தார். படம் விழுந்தது.

அத்திபெலே, கர்நாடகா. 6.40.

“சார், நீங்களும் சரக்கு வாங்கத்தான் வந்தீங்களா?”

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். இன்ஸ்பெக்டர் சார் என்னைப் பார்க்கவில்லை. திருமலையைப் பார்த்தார். அவன் தகரத்தைப் பார்த்தான்.

9 ஜூன்

லெட்டர் தருகிறார்களாம். தொழில்நுட்பக் கோளாறால் ஏற்பட்ட பிழை என்று சீல் வைத்து. வாங்கிக்கொண்டு போய் சின்னராஜிடம் காட்டினேன். “காயிதத்த நான் படிச்சா போதுமா? பன்னெண்டு வீட்டுக்கும் படிச்சா காட்டுவேன்? மைக்ல சொன்னது மைக்லயே போகட்டும்” என்றார். மனுஷன் மேல் கோபம் வந்தாலும் அந்தப் பேச்சில் தப்பு தெரியவில்லை.

திரும்பப் போய் லெட்டரை ஆபீஸ் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

11 ஜூன்

ஒத்துக்கொண்டார்கள். மைக்கில் ஒரு தரம் சொல்வார்களாம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை! இத்தனை நாள் வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவள், இன்ஸ்பெக்டர் சாரிடமே போனில் பேசினாள். “மூணு நாளு சொன்னாரு சார். மூணு நாளு சொல்லணும். அதே ஆளு சொல்லணும். அப்ப பேரு சொல்லல, இப்ப பேரு சொல்லணும்.”

எனக்குச் சொல்லத் தெரியாமல் போனதை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

12 ஜூன்

வந்தது ஆட்டோ. ஜூஜுவாடியில் சொல்லிவிட்டு சின்னராஜின் லைன் வீடுகளுக்கு முன்னால் வந்து நின்றது. “தூய்மைப் பணியாளர் பவளம் அவர்கள் எங்கும் செல்லவில்லை. கடைசித் தெருவில் பணியில் இருந்தார். தவறான தகவல் தெரிவித்ததற்கு வருந்துகிறோம்.” திருமலை எக்ஸ்பிரஸ் மாதிரி படித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான்.

“இன்னொரு வாட்டி. மெதுவா” என்றாள் அக்கா.

மெதுவாகப் படித்தான். பன்னிரண்டு வீட்டுக் கதவும் திறந்திருந்தது. சின்னராஜ் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா கை நீட்டவில்லை.

“இன்னும் ரெண்டு நாளு இருக்குது” என்றாள்.

13 ஜூன்

இரண்டாம் நாள். வேலைக்குத் திரும்பிவிட்டோம். அட்டெண்டன்ஸ் பழையபடி நோட்டில். ஒரே பேனா, ஒன்பது பேரும் அதையேதான் தொடுகிறோம்.

14 ஜூன்

மூன்றாம் நாளும் ஆட்டோ வந்தது, சொன்னது, போனது. அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். சின்னராஜ் ஏதோ சொல்ல வந்தார். அவள் நின்று கேட்கவில்லை.

இன்று முதல் நம்மூரிலும் சாராயக் கடையைத் திறந்துவிட்டார்கள். அக்காவின் ரூமுக்கு பல்பு வாங்கிவரப் போனோம். சாராயக் கடை வாசலில் கட்டை கட்டி வரிசை, ஆளுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். நான்காவது வட்டத்தில் திருமலை.

“போட்டோ எடுக்கட்டுமா அக்கா?”

“வாணாம் விடு. நம்மூர்லதான நிக்கறான்.”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மூலையில் மூட்டை இல்லை. மாதேஷ் கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்.