நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள்

1984 பிப்ரவரி 5, ஞாயிறு

மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பொன்னுராஜ் அண்ணன் வந்தார். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். என் வீட்டுக்காரர்தான் அவருக்குத் தரகர். பழத்தைக் கேரளத்துக்கு லாரி ஏற்றி அனுப்புவது வேலை. இன்று லாரி இவர் இல்லாமலேயே போய்விட்டதாம். ஏற்றிவிட வேண்டியவரைச் சாராயக்கடை வாசலில் தூக்கி, காலிக் கூடைகளோடு வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“உமர் பாய் நல்ல மனுசன் தங்கச்சி. ஆனா இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற ஆள் பாத்துக்கிருவேன்.”

தெருவே நின்று பார்த்தது. உத்தமபாளையத்தில் யாருக்குத் தெரியாது? பார்க்கட்டும்.

பிப்ரவரி 7, செவ்வாய்

டாக்டர் சுகிர்தம் அம்மா இவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார்கள். மஞ்சள். ஈரல் வீங்கியிருக்கிறதாம். இவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்கள்: “மதுரையில குடியை நிறுத்த ஒரு நர்ஸிங் ஹோம் இருக்கு. மூணு வாரம் படுக்கணும். இப்படியே விட்டா இந்த வருசம் தாங்க மாட்டாரு சுபைதா.”

செலவைச் சொன்னார்கள். என் சம்பளத்தை வைத்து அந்த வாசல் வரைக்கும் போகலாம். உள்ளே போக முடியாது.

பிப்ரவரி 9, வியாழன்

அரசாங்க உதவி ஏதும் உண்டா என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒரு கிளார்க் மட்டும் தலையை நிமிர்த்திப் பேசினார். “காசநோய்க்கு உண்டும்மா. குஷ்டத்துக்கு உண்டு. குடிக்கு ஏதும்மா?”

சாராயக்கடை ஏலத்தில் வருகிற பணம் அரசாங்கத்துக்குத்தானே போகிறது? இவர் எத்தனை வருஷமாக அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு பங்கு திரும்பி வரக்கூடாதா? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வாத்திச்சி சண்டைக்காரி என்று பெயர் எடுத்தால் அடுத்த வாரம் போடிக்கு மாற்றிவிடுவார்கள்.

பிப்ரவரி 10, வெள்ளி

பைத்துல்மாலில் கேட்டால் என்ன? விதவைக்கு, குமர்ப்பிள்ளை கல்யாணத்துக்கு, படுத்துக் கிடப்பவருக்கு என்று ஜமாத் சேர்த்து வைத்த பொதுப்பணம் அது. கொடுப்பதற்கு முன் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் செயலாளர் மைக்கில் கேட்பார். ‘ஒருவருக்கு வைத்திய உதவி, ஆட்சேபணை உண்டா?’ பெயர் சொல்வதில்லை.

செயலாளர் வேறு யாருமில்லை, அப்துல் ஜலீல் மச்சான். இவருடைய கூடப்பிறந்த அண்ணன். அதுதான் தொல்லையே. இருந்தும் மனு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 11, சனி

மச்சான் வந்து ஜமாத் கமிட்டி முடிவைச் சொன்னார். உட்காரவில்லை.

“முதல்ல நிறுத்தட்டும். வர்ற வெள்ளி வரைக்கும் ஒரு சொட்டு தொடாம இருந்து, பள்ளிவாசல்ல வந்து இனிமே தொடமாட்டேன்னு தௌபா செய்யட்டும். அன்னைக்கே கொடுத்துருவோம்.”

“நிறுத்த முடியலைன்னுதானே மச்சான் வைத்தியம்?”

“பொதுப்பணம்மா இது. தம்பிங்கிறதுக்காகக் குடிக்கத் தூக்கிக் கொடுத்தான்னு நாளைக்கு ஊரு பேசுவாக.”

கால் ஒடிந்தவனை நடந்து வா, கட்டுப் போடுகிறேன் என்பது போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிகூடப் போட்டுக் கொடுக்கவில்லை. இவர் உள்ளே படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “செஞ்சு காட்டுறேன்” என்றார்.

பிப்ரவரி 12, ஞாயிறு

காலையிலிருந்து தொடவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

இன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் இவருக்குக் கை நடுங்குகிறது, கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கிண்ணத்தில் ஊற்றி நானே குடிக்க வைத்தேன். மாசி மாதக் காலையில் சட்டை நனைய வேர்வை. சுவரில் எறும்பு ஊருகிறது, துடைத்துவிடு என்கிறார். சுவரில் ஒன்றும் இல்லை.

டாக்டரிடம் போவோம் என்றேன். “வெள்ளி வரைக்கும் பொறு புள்ள. இப்பப் போனா, தாங்க முடியாம ஓடுறான்னு அண்ணன் நினைப்பாக.”

பயமாக இருக்கிறது. வைராக்கியத்தில் இருப்பவரை நானே கலைத்துவிடக் கூடாதென்றும் இருக்கிறது. என்ன செய்ய?

பிப்ரவரி 14, செவ்வாய்

டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

மத்தியானம் மச்சான் வந்தார், தம்பி நிறுத்தியிருக்கிறானா என்று பார்க்க. முகம் மலர்ந்துபோயிருந்தது. “பாத்தியா சுபைதா, மனசு வச்சா முடியும்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. நான் தலையைப் பிடித்தேன். மச்சான் இரும்பு பிடித்தால் நிற்கும் என்று தன் கடைச் சாவிக்கொத்தை எடுத்து இவர் கைக்குள் திணித்து மூடி மூடிப் பிடிக்கிறார், அது நிற்கிறதா? “ஏலே தம்பி, ஏலே உமரு” என்று அழுகிறார். அவர் அழுது இதுவரை நான் பார்த்ததில்லை.

டாக்டர் ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பினார்கள். “இவ்வளவு நாள் குடிச்ச உடம்பு. மருந்து இல்லாம ஒரேயடியா நிறுத்தினா உசிரே போயிரும். யாரு இப்படி நிறுத்தச் சொன்னது?”

சத்தியமாக, சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

“நான்தான்” என்றார் மச்சான்.

பிப்ரவரி 16, வியாழன்

இழுப்பு திரும்ப வரவில்லை. என்னை அடையாளம் தெரிகிறது. மதுரைக்குக் கொண்டுபோக நாளைக்குள் பணம் வேண்டும். மச்சான் இந்தப் பக்கமே வரவில்லை. வெட்கமா, கோபமா?

பிப்ரவரி 17, வெள்ளி

டாக்டர் வீட்டு ஜன்னலில் நின்றால் பள்ளிவாசல் மைக் கேட்கும். நின்றேன்.

“ஒருத்தருக்கு வைத்திய உதவி” என்று மச்சான் வழக்கம்போலத்தான் தொடங்கினார். அப்புறம் நிறுத்தினார். “பேர் சொல்றது வழக்கமில்ல. நான் சொல்றேன். என் தம்பி உமர் பாருக். குடியை நிறுத்துற வைத்தியம். நிறுத்திட்டு வா, தர்றோம்னு கமிட்டியில பேசினவன் நான். அவனும் நிறுத்தினான். சாகக் கிடந்தான்.”

யாரோ என்னவோ கேட்டார்கள், அது மைக்கில் விழவில்லை. மச்சான் பதில் மட்டும் விழுந்தது. “ஆமா, குடிகாரனுக்குத்தான். குடிக்காதவனுக்கு எதுக்கு இந்த வைத்தியம்?”

பிறகு, ஆட்சேபணை இருக்கிறவர்கள் எழுந்திருங்கள் என்றார். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. எனக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்த கை வலித்தது. “சரி” என்றார், மைக்கை அணைத்துவிட்டார்கள். என்ன சரி? யாரும் எழுந்திருக்கவில்லையா, எல்லோரும் எழுந்துவிட்டார்களா?

மச்சான் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். “யாரும் எந்திரிக்கல. கிளம்பு. மதுரை வண்டியப் பிடிப்போம்.” தௌபாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

மார்ச் 8, வியாழன்

ஆஸ்பத்திரியில் இவர் இன்று தானே கிளாஸைப் பிடித்துக் குடித்தார். ஓடைப்பட்டியில் திராட்சை என்ன விலை போகிறது என்று கேட்டார்.

ஏப்ரல் 22, ஞாயிறு

இவர் பொன்னுராஜ் அண்ணன் தோட்டத்துக்குத் திரும்ப வேலைக்குப் போகிறார். அந்தச் சாராயக்கடை வழியில்தான் இருக்கிறது. வீடு திரும்புகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. வாயை மோந்து பார்க்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறார். கோபித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 3, ஞாயிறு

ரமலான் மாதம், இரண்டாம் நோன்பு. அஸர் தொழுகை நேரம், பின்வாசலில் அக்தர் பேகம் நின்றாள். மேலத் தெரு டெய்லர் வீட்டுக்காரி. பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் போகிற சாக்கில் தூக்குவாளியோடு வந்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“எங்க வீட்டுலயும் அதே கதைதான் அக்கா. ஆனா பிறை பார்த்ததுலருந்து தொடலை, நோன்பு பிடிச்சிருக்காக. நிறுத்தியாச்சுல்ல, இப்பக் கேட்டா ஜமாத்துல தருவாகளா?”

“உடம்பு எப்படி இருக்கு?”

“நோன்பு அலுப்பு. கை நடுங்குது. கால்ல ஏதோ ஊருது, தட்டிவிடுங்கிறாக.”

நான் பேசுவதற்குள் உள்ளே படுத்திருந்த இவர் எழுந்து வந்துவிட்டார். “நோன்பைத் திறக்கச் சொல்லும்மா, இப்பவே. டாக்டரம்மா வீட்டுக்குப் போகணும்.” செருப்புகூடப் போடாமல் மேலத் தெருப் பக்கம் ஓடினார். அவளும் பின்னால் ஓடினாள். வாளி இங்கேயே கிடந்தது. நான் போய்க் கஞ்சி வாங்கி அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

டாக்டர் வீட்டுக்குப் போனபோது டெய்லர் ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இழுப்பு வரவில்லை. பாங்கு கேட்டது. இவர் அங்கேயே தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார்.

அக்தர் பேகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதுரைக்குக் காசு? வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமே அக்கா.”

விஷயம் கேள்விப்பட்டு வந்த மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சட்டைப்பை ரூபாய்க் கட்டில் புடைத்திருந்தது.

“காலையில முதல் வண்டிக்குக் கிளம்புங்க” என்றார். “வெள்ளிக்கிழமை ஜமாத்துல நான் சொல்லிக்கிர்றேன்.”