சிவப்பு வண்டிக்குச் சொன்ன விலை

மேனாம்பேடு,
8-8-1993, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சம்பத்துக்கு அம்மா வரலட்சுமி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும், திருமழிசையில் பத்மாவும் மாப்பிள்ளையும் குழந்தையும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. உன் கடிதமும் போட்டோவும் புதன்கிழமை வந்தன. உன் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் மேல் சாய்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறாயே, அதை எதிர் வீட்டுப் பஞ்சவர்ணத்திடம் காட்டினேன், இன்னா வரலட்சுமி, உன் புள்ள சினிமாவுல நடிக்கப் பூட்டானா என்று கேட்டு ஒரே சிரிப்பு. ஆனால் கழுத்தெலும்பு தெரிகிறது. ஓட்டல் சோற்றை விட்டுவிட்டு அறையிலேயே ஒரு ரசமாவது வைத்துக்கொள், புளி அங்கே கிடைக்காவிட்டால் எழுது, யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

உன் வேலை ஒப்பந்தம் தை மாதமே முடிந்துவிட்டது, வண்டியை விற்ற மறுநாளே விமானம் ஏறுகிறேன் என்று எழுதினாய். தை போய் மாசி போய் இப்போது ஆடியும் முடியப்போகிறது. அதே கம்பெனியில் மாதத்துக்கு மாதம் நீட்டிக்கொண்டு இருக்கிறாய், வண்டியும் விற்ற பாடில்லை. எட்டு வருஷத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன விலை சொல்லலாம், நைனாவைக் கேட்டு எழுதும்மா என்று கேட்டிருக்கிறாய். நல்ல ஆளைப் பார்த்தாய் கேட்பதற்கு! அவர் தன் வண்டிக்கு விலை சொன்ன அழகை எழுதுகிறேன், உட்கார்ந்து படி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படி.

வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட்டில் நிற்குமே, மேல்கூரை இல்லாத அந்தச் சிவப்பு எம்.ஜி. கார், அதை விற்றுவிட்டு ஷெட்டை இடித்து உனக்கு ஒரு அறை கட்டுவது என்று தை மாதம் முடிவு செய்தோம். உன் நைனாவும் தலையை ஆட்டினார். வண்டி போனால் போகிறது, பையன் வந்து எங்கே படுப்பான் என்று அவர் வாயாலேயே சொன்னார். கீழ்ப்பாக்கத்தில் இஞ்சின் இல்லாமல் கிடந்த வண்டியை மூவாயிரத்துக்கு வாங்கிவந்து, பதினேழு வருஷமாக ஆவடி தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்த மனிதர். சோழவரம் ரேசில் ஒரே ஒரு தடவை ஓட்டிக் கடைசிக்கு முந்தின ஆளாக வந்ததை இன்னும் பால்காரனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அவ்வளவு சுலபத்தில் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, என் புத்தி அப்படி.

விலை சொல்வதில்தான் சண்டை வந்தது. நான் ஐம்பதாயிரம் என்றேன், பொங்கலுக்கு வந்திருந்த பத்மா எழுபது என்றாள், இவர் ஒரு லட்சத்துக்குக் காலணா குறையாது என்று முறுக்கிக்கொண்டு நின்றார். சரி, நமக்குள் எதற்குப் பேச்சு, திருவுளச்சீட்டு போடலாம், அம்மனே சொல்லட்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவரே மூன்று சீட்டு எழுதிச் சுருட்டி அம்மன் படத்துக்கு முன்னால் போட்டார், பத்மாவின் குட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தது, பிரித்தால் ஒரு லட்சம். அம்மனே சொன்ன பிறகு நான் வாயைத் திறப்பேனா? கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அம்பத்தூர் முழுக்க எங்கள் வண்டிப் பேச்சுதான். மண்ணூர்பேட்டையில் பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர் கோவிந்தன் வாரத்துக்கு ஒரு ஆளைக் கூட்டிவந்தான். வருகிறவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், நான் மோர் கொண்டுவருவதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்கள். இன்னா அண்ணி, அண்ணாத்தே வண்டிய விக்கப் போறாரா, இல்ல அதுக்குக் கோயில் கட்டப் போறாரா என்று கோவிந்தன் என்னிடம் கேட்டான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. உன் நைனாவோ ஒவ்வொருத்தன் திரும்பிப் போகும்போதும், அம்மன் சொன்ன விலையை நான் எப்படிக் குறைப்பது என்று கையை விரிப்பார், அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார். அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாமி அலமாரியைத் துடைத்தேன். குங்குமச் சிமிழுக்குப் பின்னால் அந்த மிச்சம் இரண்டு சீட்டும் சுருட்டினபடியே கிடந்தன. குப்பையில் போடலாம் என்று எடுத்தவள் எதற்கோ பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரு லட்சம். இன்னொன்றிலும் ஒரு லட்சம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு சீட்டையும் அவர் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி என்றார். அம்மனையே ஏமாற்றியிருக்கிறாயே, நீ மனுஷனா என்று நான் கத்தியது பஞ்சவர்ணம் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். தட்டை நகர்த்திவிட்டு, யாரும் வாங்கக் கூடாதுன்னுதான் வரலட்சுமி அந்த வெலய வெச்சேன், விக்கமாட்டேன்னு சொல்ல வாய் வரல, புள்ளைக்கு ரூம் கட்டணும்னு நீ ஆசப்படுற, அதான் என்றார். அன்று மத்தியானம் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து நியாயமாகப் பேசினோம். நானும் வண்ணாரப்பேட்டையிலிருந்து புடவை மூட்டை எடுத்துவந்து தெருத்தெருவாக விற்றவள்தானே, விலை சொல்ல எனக்குத் தெரியாதா? நாம் எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினோம், எத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தோம் என்பதற்கெல்லாம் வாங்குகிறவள் பணம் தரமாட்டாள், அவள் கையில் இருக்கிற துணிக்குத்தான் தருவாள். கோவிந்தனைக் கூப்பிட்டுக் கேட்டோம். பிரித்து விற்றால் நாற்பது தேறும் என்றான். போன வருஷம் கீழ்ப்பாக்கத்தில் இதே மாதிரி வண்டி ஒன்று, அதோடு பிறந்த இஞ்சினோடு எண்பத்தைந்துக்குப் போயிற்றாம். நம் வண்டியில் இருப்பது அம்பாசிடர் இஞ்சின், அடித்தகடும் ஒட்டுப்போட்டது, அதற்கு இருபதைக் கழி, அறுபத்தைந்து சொல்லு அண்ணாத்தே, அறுபதுக்குக் கீழே மட்டும் எறங்காதே என்றான். அறுபத்தைந்து என்று உன் நைனாவை அம்மன் படத்துக்கு முன்னால் நிறுத்தி வாயால் சொல்ல வைத்தேன். இந்தத் தடவை சீட்டு கிடையாது.

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் என்று ஒருத்தர் வந்தார். திருமழிசையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும். விலையைக் கேட்டார், உன் நைனா அறுபத்தைந்து என்றார், அவர் ஓடவில்லை, உட்கார்ந்து மோர் குடித்தார். எங்கே வாங்கிவிடுவாரோ என்று உன் நைனா வண்டியின் குறைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட ஆரம்பித்தார். இஞ்சின் இதோடது இல்ல சார், அம்பாசிடரோடது. பெட்ரோல் முள்ளை நம்பாதீங்க, அது பொய் சொல்லும். மழையில நனைஞ்சா ஸ்டார்ட் ஆவாது, தள்ளணும். வலது கதவ மூடுனா தொறக்காது, ஏறிக் குதிச்சுதான் போவணும். சோழவரத்துல வைக்கோல் மூட்டையில மோதி முன்பக்கம் வளைஞ்சிது, நான்தான் அடிச்சு நிமித்தினேன், கையை வெச்சுப் பாருங்க, இன்னும் மேடு தெரியும் என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறார். அடுக்களையில் நின்றுகொண்டு நான் பல்லைக் கடிக்கிறேன், வந்த ஆளை விரட்டுகிறாரே பாவி என்று.

அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னதைக் கேள். ஆறு வண்டி பாத்துட்டேன் சார், ஆறு பேரும் வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு சொன்னாங்க, ஓட்டிப் பாத்தா ஆறும் வழியில நின்னுச்சு, இன்னா குறைன்னு தெரிஞ்சு வாங்குனா நான் சரி பண்ணிக்குவேன், உங்க வண்டிதான் எனக்கு வேணும் என்றார். உன் நைனா முகத்தைப் பார்க்க வேண்டுமே! குறையைச் சொல்லி விரட்டப் பார்த்தவர் அந்தக் குறைகளைச் சொல்லியே விற்றுவிட்டார். குணசேகரன் ஐம்பத்தெட்டு என்றார், நான் வெளியே வந்து அறுபத்தைந்து என்றேன், அறுபத்திரண்டில் முடிந்தது. ஆடி பிறப்பதற்குள் எடுத்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே ஓட்டிப் போனார். தெருமுனை திரும்பும் வரைக்கும் உன் நைனா சத்தத்தை வைத்தே இரண்டாவது கியர் போட்டுட்டான், பரவாயில்ல, நல்லாத்தான் ஓட்டறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் உள்ளே போய் முகம் கழுவினார். நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அழுமூஞ்சியாக இருக்கிறார் என்று நினைக்காதே. நீங்க வந்தாத்தான் இந்த வண்டி மழையில ஸ்டார்ட் ஆவும் போல கீதுன்னு குணசேகரன் ஆள் அனுப்பினார், மூன்று ஞாயிறாக ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி போய் வேறு பஸ் மாறித் திருமழிசைக்குப் போகிறார், வரும்போது பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறார். இன்றைக்கும் அங்கேதான். என் பையன் மஸ்கட்டில் மெஷின் வேலை பார்க்கிறான் என்று அவரிடம் சொன்னாராம், வந்ததும் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க என்றாராம். நிச்சயமான பேச்சு இல்லை, இருந்தாலும் உன் காதில் போட்டு வைக்கிறேன். ஷெட்டை இடித்தாகிவிட்டது. சுவர் லிண்டல் வரைக்கும் எழும்பிவிட்டது, ஜன்னல் கிழக்கே பார்த்து.

இனி உன் வண்டிக்கு வருகிறேன் கண்ணு. உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய், இதே மாதிரி மஞ்சள் வண்டி, இதே வருஷத்தது, போன மாதம் ஆயிரம் ரியாலுக்குப் போனது, நான் ஆயிரத்து எண்ணூறு கேட்கிறேன், யாரும் வரவில்லை என்று. அதைப் படித்ததும் எனக்கு அந்தக் குங்குமச் சிமிழ்தான் ஞாபகத்துக்கு வந்தது. நீ உன் நைனாவுக்குப் பிறந்தவன் என்பதில் சந்தேகமே இல்லை. அவர் போட்ட சீட்டைத்தான் நீயும் போட்டுக்கொண்டிருக்கிறாய். ஊருக்கு வர மனசில்லையென்றால், வந்து இங்கே என்ன வேலை பார்ப்பது என்று பயமாக இருந்தால், அதை எழுது. நான் இரண்டு நாள் அழுவேன், மூன்றாம் நாள் சரியாகிவிடுவேன். அந்தப் பாவப்பட்ட வண்டி மேல் பழியைப் போடாதே. வர மனசிருந்தால் ஆயிரத்து நூறு சொல்லு, அதில் என்னென்ன குறை இருக்கிறதோ வருகிறவனிடம் நீயே முதலில் சொல்லிவிடு, ஆயிரத்துக்குக் கொடு, ஏறி வா. போன எண்ணூறுக்காக நாங்கள் யாரும் உன்னைக் கேட்கமாட்டோம்.

இராத்திரி ஏசிக் காற்றில் நேராகப் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை. அம்மன் உன் கூடவே இருந்து நல்ல வழி காட்டட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பதிலை இந்த மாதமே போடு.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா,
எ. வரலட்சுமி.

பின்குறிப்பு: உன் நைனாவைத் திட்டினேன், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நானும் மூன்று சீட்டு எழுதி அம்மன் முன்னால் போட்டேன், நீ வருவாயா மாட்டாயா என்று. ஆடி வெள்ளிக்குப் பத்மாவோடு வந்திருந்த பேத்தி எடுத்துக் கொடுத்தது. வருகிறான் என்று வந்தது. உன் நைனா மற்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருட்டிக் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் வைத்துவிட்டார். மூன்றிலும் நான் அதையேதான் எழுதியிருந்தேன்.