கடலில் இறங்கக் கூடாத மாதங்கள்

சின்னமனூர்,
2-2-1938

அன்புள்ள பேச்சிமுத்துவுக்கு,

நல்லகண்ணு எழுதுகிறேன். பாம்பனில் மகள் வீட்டில் நீயும் தங்கச்சி மொக்கம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியகுளம் தாலுகா ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்த காலத்தில்கூட உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

மேகமலை எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் என் மகன் செல்லப்பாண்டியை அவனுடைய துரை ஒரு பாய்ப்படகில் கூட்டிப் போயிருக்கிறார். துரைக்கு லீவு. தூத்துக்குடியிலிருந்து தீவு தீவாகப் போகிறார்கள். காற்று வந்தால் போவது, பிடித்த இடத்தில் நங்கூரம் போடுவது, மீன் சுட்டுத் தின்பது, தூங்குவது. இதெல்லாம் போகட்டும். கண்ணுக்கு ரப்பர் வைத்த கண்ணாடியும் வாயில் ஒரு வளைந்த குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதக்கிறானாம். அடியில் இருப்பதெல்லாம் தெரிகிறதாம். "அப்பா, மூச்சு முட்டுவதே இல்லை" என்று எழுதியிருக்கிறான். படித்த எனக்கு முட்டியது.

விஷயம் இதுதான். மருமகள் சங்கிலியம்மாள் உண்டாகியிருக்கிறாள். முன்பு இரண்டு தடவை தங்கவில்லை. அவனிடம் சொன்ன பிறகுதான் இரண்டும் போயின என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. "மாமா, அஞ்சாம் மாசம் வரைக்கும் அவுக காதுல விழக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணிவிட்டேன்.

உண்டாகியிருப்பவளின் புருஷன் கடலில் குளிக்கக் கூடாது, முடி எடுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. நான் படித்தவன்தான். இதை நம்புகிறாயா என்று கேட்டால் விழிப்பேன். நம்பவில்லை என்று சொல்ல இந்த வயதில் தைரியமில்லை. அவன் படகைவிட்டு இறங்குவதில்லை என்றுதான் சங்கிலியம்மாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். குளிக்கிற வரிகள் வந்தால் தாண்டிவிடுகிறேன்.

குளிக்காதே என்று அவனுக்கு எழுதிப் பார்த்தேன். முல்லையாற்றில் முழங்காலுக்கு மேல் இறங்காதவர் பேச்சைக் கேட்டால் நான் தலைகூட முழுக முடியாது என்று பதில் வந்தது. படகு அடுத்த வாரம் பாம்பன் பக்கம் வருகிறது. காரணத்தைச் சொல்லாமல் நீ அவனைத் தடுக்க வேண்டும். உன்னிடம் சொன்னதே தவறோ என்று இப்போது தோன்றுகிறது. அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும். அப்படியே அனுப்புகிறேன்.

உன்
நல்லகண்ணு


பாம்பன்,
13-2-1938

ஏலே நல்லகண்ணு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் சிரித்தேன். வள்ளத்தில் ஏறிக் குருசடைத் தீவுக்குப் போனபிறகு சிரிப்பு போய்விட்டது. அங்கே நான் முதலில் பார்த்தது ஒரு முதுகை. தண்ணீர்மேல் அசையாமல் கிடந்தது. வள்ளக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். தலை மெதுவாக எழும்பியது. வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு உன் மகன் சொல்கிறான், "மாமா, சத்தம் போடாதீக. கீழ ஆமை மேயுது."

உப்புத் தண்ணீர் நெஞ்சில் சளி கட்டும் என்றேன். "ஏலக்காய்த் தோட்டத்துல அட்டை கடிச்சு வளந்த உடம்பு மாமா" என்றான். சொறிமீன் பட்டால் தடிக்கும் என்றேன். கையை நீட்டினான். "நேத்தே பட்டுருச்சு. இங்கன பாருங்க." துரை பாயின் நிழலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். அந்தப் படகில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்தக் கண்ணாடியை எனக்கும் மாட்டிவிட்டான். இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தேன். அடியில் பாறை என்றால் நம் மலைப் பாறை மாதிரி இல்லை. மான்கொம்பு மாதிரி ஒன்று, பூக்கோசு மாதிரி ஒன்று. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து என் மூக்கைப் பார்த்துவிட்டு விலகிப் போயின. என் மூச்சு அந்தக் குழாய்க்குள் போய்வருகிற சத்தம் மட்டும் கேட்டது. தடுக்கப் போனவன் நான். வெளியே வர எனக்கே மனமில்லை.

காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதி கொடு. ஒரு வார்த்தை போதும், அவன் கரையேறிவிடுவான்.

பேச்சிமுத்து


சின்னமனூர்,
17-2-1938

அன்புள்ள பேச்சிமுத்துவுக்கு,

அனுமதி கொடுக்க எனக்கு வழியில்லை. நேற்று அடுப்படியில் சங்கிலியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவச்சி இருளம்மாளைக் கூட்டிவந்தேன். "அசையாமப் படு ஆத்தா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் மருமகள் கேட்ட முதல் கேள்வி, "அவுக கடல்ல எறங்கலையே மாமா?" இறங்கவில்லை என்றேன்.

எல்லாப் பக்கத்திலிருந்தும் யோசித்துவிட்டேன். சொல்லி ஏதாவது நடந்தால் சத்தியத்தை மீறியதால் நடந்ததாகும். சொல்லாமல் நடந்தால் தடுக்காததால் நடந்ததாகும். இரண்டிலும் குற்றவாளி நான்தான்.

இன்னொரு தடவை வலி வந்தால் கடிதத்தை நம்பி இருக்க மாட்டேன். தேனிக்குப் போய் உனக்குத் தந்தி கொடுத்துவிடுவேன். கிடைத்ததும் என்ன பொய் சொல்லியாவது அவனைக் கரைக்கு இழுத்துவிடு.

நல்லகண்ணு


பாம்பன்,
22-2-1938

நல்லகண்ணு,

செல்லப்பாண்டி சுகமாக இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியை உட்கார்ந்து படி.

நான் ஒரு கல்யாணத்துக்காக ராமநாதபுரம் போயிருந்தேன். உன் கடிதம் வந்து பிரிக்காமல் கிடந்தது. அதன் பின்னாலேயே உன் தந்தி வந்திருக்கிறது. இங்கிலீஷ் படிக்க வீட்டில் ஆளில்லை. மொக்கம்மாள் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. தேனியிலிருந்து தந்தி என்று தபால்காரர் சொன்னதுமே, உன் வீட்டுச் செய்திதான் என்று முடிவு கட்டி, "எங்கண்ணன் போயிட்டாகளே" என்று வாசலில் விழுந்து அழுதிருக்கிறாள். தெரு கூடிவிட்டது. வள்ளக்காரர் தீவுக்குப் போய்ச் சொல்ல, உன் மகன் ஈரத்துணியோடு வந்து இறங்கியிருக்கிறான். அவனும் உறையைப் பிரிக்கச் சொல்லவில்லை. சாவுத் தந்தியில் படிக்க என்ன இருக்கிறது?

மதுரை ரயில் புறப்பட நேரம் கிடந்தது. போய்ச் சேருவதற்குள் உன்னை எடுத்துவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். மொக்கம்மாள் கேட்டாளாம், "காசியில இருந்தெல்லாம் ராமேசுவரத்துக்கு வந்து செய்யிறாக. நீ பக்கத்துல இருந்துக்கிட்டு பெத்த தகப்பனுக்குச் செய்யாமப் போவியாப்பா?"

நான் வந்து உறையைக் கிழித்தேன். செல்லப்பாண்டியைக் கடலில் இறங்க விடாதே என்று இருந்தது. கீழே உன் பெயர். ராமேசுவரத்துக்கு ஓடினேன். அக்கினி தீர்த்தக் கரையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, கடலில் முழுக்கும் போட்டுவிட்டான்.

"உங்கப்பா உயிரோட இருக்காருடா" என்றேன். சிரித்தான். பிறகு அழுதான். பிறகு, "அப்ப எதுக்கு மாமா தந்தி?" என்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவன் கை தலைக்குப் போனது. "ரெண்டையுமே செஞ்சுட்டேனே மாமா" என்றான். சொறிமீனைக் காட்டிச் சிரித்தவன் அவன். அவன் பற்கள் அடித்துக்கொண்டன, நல்லகண்ணு.

என் வீட்டில்தான் இருக்கிறான். துரையின் ஆள் வந்து கூப்பிட்டும் படகுக்குப் போகவில்லை. முடி வளரும்வரை ஊருக்கும் வரமாட்டானாம். "அவ இந்தத் தலையப் பாத்தா அந்த நிமிசமே வகுத்துல ஏதாச்சும் ஆயிரும்" என்கிறான். மொக்கம்மாள் என் எதிரில் வருவதே இல்லை. என்ன செய்யட்டும், நீ சொல்.

பேச்சிமுத்து


சின்னமனூர்,
27-2-1938

அன்புள்ள பேச்சிமுத்துவுக்கு,

உன் கடிதத்தை வாசல் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். மறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சங்கிலியம்மாளிடம் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மடித்தேன்.

"மாமா, நீங்க தாண்டித் தாண்டிப் படிக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்? கண்ணு ஒரு பக்கம் நிக்கும், வாய் ஒரு பக்கம் ஓடும். முழுசாப் படிங்க" என்றாள்.

படித்தேன். ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் அவள் விழுந்தால் தெளிக்கச் செம்புத் தண்ணீர். அவள் விழவில்லை. செம்பை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எள்ளு எறச்சாகளா?"

ஆமாம் என்றேன்.

"உங்க பேரச் சொல்லியா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நம்ம வீட்டுல விழ வேண்டிய எழவு விழுந்துருச்சு மாமா. வாங்கினது வாங்கிருச்சு. இனிமே இன்னொண்ணு கேக்காது." எழுந்து போய் உலை வைத்தாள். இந்த மாதத்தில் முதல் தடவையாக வயிறார உண்டாள். தந்தி கொடுத்த அன்று வந்த வலி அதற்குப் பிறகு வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கர்ணன் வேறு மாதிரி சொல்கிறார். பொய்ச் சாவு சொன்னால் ஆயுசு கூடுமாம். அப்படியானால் என்னை இன்னும் யாரும் வாங்கவில்லை என்று ஆகிறது. எது சரி என்று வழக்கம்போல் யோசித்தேன், வழக்கம்போல் தெரியவில்லை. ஆனால் எது சரியாக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்.

தூரப் பயணம் போகிறவனுக்குப் பரிமாறுவதுபோல் அவள் என் சோற்றில் நெய்யைக் கூடுதலாக விடுகிறாள். நான் சாப்பிடுகிறேன். சில நேரம் நெஞ்சு படபடக்கிறது. அது பயம்தான். அவளிடம் சொல்லவில்லை, நீயும் அவனிடம் சொல்லாதே.

மொக்கம்மாள் மேல் அண்ணனுக்கு வருத்தமில்லை என்று சொல். செல்லப்பாண்டியை அடுத்த ரயிலுக்கே அனுப்பிவை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப் பார்ப்பான். கட்ட விடாதே. அவள் அந்தத் தலையைப் பார்க்க வேண்டும். வாங்கினது வாங்கியாகிவிட்டது என்பதற்கு அவளுக்கு அதுதான் ரசீது.

உன்
நல்லகண்ணு